டிரைவர் வீட்டு ஒற்றையடிப் பாதை

மடிப்பக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாள் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று மற்ற ஆறு நாளும் நினைத்துக்கொண்டிருப்பாள். நினைப்பதோடு சரி. லீவு வந்ததும் வீடு அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டும்.

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டே மடிக்கிறாள். யார் யாரோ புரண்டு எழுந்த விரிப்புகள் துவைத்து, சூடாக அவள் கைக்கு வரும். உதறி நாலு மடி மடித்தால் செங்கல் மாதிரி அடங்கிவிடும். ஊரார் நன்றாகத் தூங்குவதற்காகத் தன் தூக்கத்தைத் தொலைத்தவள் என்று அவளுக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். கூட வேலை பார்க்கிறவர்கள் அவ்வளவு நீளமாக யோசிக்கவில்லை. மடிப்பக்கா என்று வைத்துவிட்டார்கள். இப்போது அவள் இடுப்பும் முட்டியும்கூட மடிந்தால் மடிந்த இடத்திலேயே கிடக்கின்றன; நிமிர்த்துவதற்குத் தனியாக நேரம் கேட்கின்றன.

கணவர் டிரைவர். முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்து, "முதுகு போச்சு, இனிமே வண்டி ஓட்ட முடியாது" என்றார். முதுகு கல்லு மாதிரி இருந்தது. போனது கண். துவைக்கப் போட்ட கோட்டுப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. ஒரு கண்ணில் புகை, இன்னொரு கண்ணில் நடுவில் இருட்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம், இதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. மடிப்பக்கா அதைப் படித்தாள். நாலாக மடித்தாள். இருந்த பையிலேயே வைத்துவிட்டாள்.

அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நடிக்க ஆரம்பித்தார்கள். தேநீர் ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். அவள் பார்க்காதவள் மாதிரி இருப்பாள். அவளுடைய சிவப்பு ஸ்வெட்டரை, "இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கு" என்பார்; அவளும் வெட்கப்பட்டுவைப்பாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரு நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்ததில்லை. பகலெல்லாம் ஓட்டலில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து நடிக்கிறது இருக்கிறதே, அது இன்னொரு ஷிப்ட்.

அந்த வீட்டில் அவர் எதிலும் இடிக்காமல் நடந்ததற்குக் காரணம் கூடத்துக் கார்பெட். சுவருக்குச் சுவர் ஒட்டிய பழைய கார்பெட். படுக்கையறை வாசலிலிருந்து அவர் நாற்காலி, நாற்காலியிலிருந்து தெருக்கதவு, நடுவில் பிரிந்து குளியலறை. எத்தனையோ வருஷம் நடந்து நடந்து அதில் ஒரு பாதை விழுந்திருந்தது. முடியெல்லாம் படுத்து, பாயைப் போல வழவழவென்று. அவர் வெறுங்காலோடுதான் நடப்பார். கால் வழவழப்பில் இருக்கிறவரை தைரியமாகப் போவார். சொரசொரப்புப் பட்டால் வண்டியைத் திருப்பிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஒரு மனிதர் தன் வீட்டில் உலாத்துகிற மாதிரிதான் இருக்கும்.

இந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, போன தடவ வந்தப்ப அப்பா என்கிட்ட பேசறேன்னு கதவுகிட்ட பேசிக்கிட்டிருந்தாரு. எனக்கு மனசே சரியில்ல. ஞாயித்துக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரேன். ரெண்டு நாள் இருந்து நானே பாக்கப் போறேன். அவருக்கு முடியலன்னா அப்புறம் பேச்சே கிடையாது. வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்கூட வந்துடணும்."

"அதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்காரு."

"நீ அப்படித்தான் சொல்லுவ. இன்னொண்ணு, அந்த கார்பெட்டுல ஒரு வாடை வருது பாரு. உன் பேரன் இப்ப தவழ ஆரம்பிச்சுட்டான். தூசி பட்டாலே அவனுக்கு மூச்சு இழுக்குது. அதுக்கு ஏதாவது பண்ணு."

மகள் இருப்பது பதினாலாவது மாடியில். போனை வைத்ததும், பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், "பதினாலாவது மாடியில என்னை என்ன பண்ணப் போறா? துணி மாதிரி கொடியில தொங்கவிடப் போறாளா?" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. இந்த வீட்டில் அவர் ஒரு ஆள். அங்கே போனால் குளியலறைக்குப் போகக்கூட யார் கையையாவது பிடிக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், மடிப்பக்காவுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்வீட்டு நர்ஸ் தன்னுடைய கார்பெட் கழுவுகிற மெஷினைப் படியில் தடதடவென்று இறக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நல்லாப் பாத்துக்கோங்க. இந்தத் தொட்டியில சுடுதண்ணி. கழுவின அழுக்கு இந்தத் தொட்டியில வந்து விழும். முன்னால தள்ளும்போது விசையப் பிடிங்க, தண்ணி அடிக்கும். பின்னால இழுக்கும்போது விட்டுடுங்க, உறிஞ்சிக்கும். மருந்து ஒரு மூடிதான். அழுக்கு ஜாஸ்தியா இருக்கேன்னு ரெண்டு மூடி ஊத்திடாதீங்க."

"ஊத்த மாட்டேன்."

"காயற வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது. ஈரத்துல மிதிச்சா முடியெல்லாம் அப்படியே படுத்துடும், அப்புறம் எழுப்பறது பெரும்பாடு."

நர்ஸ் படியேறியதும் மடிப்பக்கா இரண்டு மூடி ஊற்றினாள்.

மற்றபடி அவள் கெட்டிக்காரத்தனமாகத்தான் வேலை செய்தாள். டிரைவரைப் படுக்கையறையில் ரேடியோவோடு உட்காரவைத்தாள். மேசை, நாற்காலி, அலமாரி ஒவ்வொன்றின் காலுக்கும் நேராகச் சுவரில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டுதான் நகர்த்தினாள். எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும், ஒரு நூல் பிசகக் கூடாது. இதற்கே ஒரு மணி நேரமும் பாதி உயிரும் போயின.

மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. முன்னால் தள்ளினால் பிரஷ் சுழன்று முடியைக் கோதிவிடும். பின்னால் இழுத்தால் சர்ரென்று உறிஞ்சும். முதல் தொட்டி நிறைந்ததும் கழற்றிப் பார்த்தாள். கறுப்பு. கறுப்பென்றால் கரியைக் கரைத்த கறுப்பு. இதன்மேலா உட்கார்ந்து இத்தனை வருஷம் ரொட்டி தின்றோம் என்று அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் கொட்டினாள். இரண்டாவது தொட்டி, மூன்றாவது தொட்டி. அதற்குள் அதிகப்படி மூடி தன் வேலையைக் காட்டியது. நுரை. வெறும் தண்ணீர் விட்டு இழுத்தாள், நுரை. இன்னொரு தடவை இழுத்தாள், அப்போதும் நுரை. கார்பெட்டுக்குள் யாரோ உட்கார்ந்து பல் தேய்க்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் மொத்தக் கூடத்தையும் இழுத்தாள். இடுப்பு பேசுவதை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது கூடம் நீலமாக இருந்தது. குடிவந்து கொஞ்ச நாளிலேயே தூசி ஏறி, சாம்பல் நிறம் என்றே மனதில் பதிந்துபோன கார்பெட்.

"ஏங்க, இது நீலங்க!" என்று கத்தினாள்.

"நாம குடிவந்தப்ப நீலந்தானே," என்றார் டிரைவர் உள்ளேயிருந்து. "உனக்கு மறந்துபோச்சா? நல்ல வான நீலம்."

கண் போன பிறகு அவர் மனதில் தங்கியது அந்த முதல் நாள் நிறம்தான். அதனால் அவருக்குள் அது அழுக்காகவே இல்லை. மடிப்பக்கா சன்னல்களைத் திறந்து, மின்விசிறியைத் தரையில் வைத்துவிட்டு, டேப் பார்த்து எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அந்த நிம்மதியில் சமையலறையில் போய்ச் சுவரோடு சாய்ந்து கொஞ்சம் கண்ணை மூடினாள்.

இரண்டு மணிக்கு டிரைவருக்குப் பசித்தது. வழக்கம்போலக் கதவைத் திறந்து கூடத்தில் கால் வைத்தார்.

மடிப்பக்கா கண்ணைத் திறந்தபோது அவர் இரண்டடி நடந்து நின்றுகொண்டிருந்தார். வலது காலால் ஒரு பக்கம் தடவிப் பார்த்தார். அப்புறம் இடது காலால் இன்னொரு பக்கம். கை தானாக முன்னால் நீண்டது; சட்டென்று இழுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. இவ்வளவு சுத்தமா வச்சிருக்க, மிதிக்க மனசு வரல."

சொல்லிவிட்டுத் தைரியமாக நடந்தார். நேராகப் போய் மேசைக் காலில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"மேசய நகத்திட்டியா?"

"இல்லீங்க, அங்கயேதான் இருக்கு."

அவள் கீழே பார்த்தாள். ஒரே சீராக, புல் முளைத்த மாதிரி, சுவரிலிருந்து சுவர் வரைக்கும் முடி நிமிர்ந்து நின்றது. பாதை இல்லை. நாற்காலிக்கு அடையாளம் வைத்தாள், அலமாரிக்கு வைத்தாள், குப்பைக் கூடைக்குக்கூட வைத்தாள். பாதைக்கு மட்டும் வைக்கவில்லை; அதை மூன்று தடவை கழுவி, கறுப்புத் தண்ணீராகக் குளியலறையில் கொட்டிவிட்டாள். மகள் வர மூன்று மணி நேரம். வருவதே அவர் நடக்கிறதைப் பார்க்கத்தான்.

அவளுக்கு அழவேண்டும் போல இருந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருந்ததால் அதை விட்டுவிட்டாள். அப்போதுதான் நர்ஸ் காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது.

"ஏங்க," என்றாள். "ஈரம் சீக்கிரம் போகணும்னா மேல நடக்கணுமாம். நர்ஸ் சொன்னா. தனியா நடந்தா எனக்குப் போரடிக்கும். என் தோளப் பிடிச்சிக்கிட்டு வாங்க."

"நர்ஸா சொன்னா?"

"ஆமா."

அவர் கை அவள் தோளில் வந்து விழுந்தது. படுக்கையறை வாசலிலிருந்து நாற்காலி. நாற்காலியிலிருந்து தெருக்கதவு. திரும்பி, குளியலறை. ஒரு அடி தப்பாமல், பாதத்தை அழுத்தி அழுத்தி. பத்து நடைக்குப் பிறகு ஈர முடி லேசாகச் சாய ஆரம்பித்தது. இருபதாவது நடையில் அவள் முட்டி இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கொடுத்தன. அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எந்த ஊருக்குப் போகுது இந்த வண்டி?" என்று கேட்டார் டிரைவர்.

"பேசாம வாங்க. ஓட்டறவங்ககிட்ட பேசக் கூடாது."

முப்பதாவது நடையில் நர்ஸ் மெஷினை எடுத்துப்போக வந்தாள். வாசலிலேயே நின்று வாயைப் பிளந்தாள்.

"அக்கா! மிதிக்காதீங்கன்னு அத்தன தடவ சொல்லிட்டுப் போனேன், ரெண்டு பேரும் ரயில் விளையாடிக்கிட்டிருக்கீங்க? முடி படுத்துடும்னு சொன்னேனா இல்லையா?"

மடிப்பக்காவின் தோளில் இருந்த கை ஒரு நொடி அசையாமல் இருந்தது. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். படியில் அவள் முணுமுணுப்பு ஓய்கிறவரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. இவளுக்குத் தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும். அவர் கை அவள் தோளை ஒரு தடவை அழுத்தியது.

"இன்னும் ஒரு பத்து நட போவோமா?" என்றார். "குளியலறைத் திருப்பத்துல இன்னும் சரியா விழல."

ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது, டிரைவர்தான் நாற்காலியிலிருந்து எழுந்து, கையை ஆட்டிக்கொண்டு, நேராகத் தெருக்கதவுக்குப் போய்த் திறந்தார். மடிப்பக்கா சமையலறை வாசலில் நின்று அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா, வா. எங்க என் எதிரி?" என்று பேரனின் கன்னத்தைத் தேடித் தடவினார்.

மகள் கண்ணை இடுக்கி அவரைப் பார்த்தாள். அவர் திரும்பி நடந்து நாற்காலியில் உட்கார்ந்த விதத்தையும் பார்த்தாள். முகத்தில் சந்தேகம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

"கார்பெட் சூப்பரா இருக்கும்மா. ஆனா நடுவுல மட்டும் ஏன் ஒரு கோடு அமுங்கிக் கிடக்கு?"

"அது பழசு. அப்படித்தான் இருக்கும்," என்றாள் மடிப்பக்கா. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையையும் கார்பெட்டில் விட்டுவிட்டு, மகள் கைகழுவப் போனாள். மடிப்பக்கா தேநீரைக் கவனிக்கத் திரும்பினாள்.

டிரைவர் உற்சாகமாக இருந்தார். பேரனுக்கென்று வாங்கிவைத்த மரவண்டி படுக்கையறையில் இருந்தது. அதை எடுத்துவந்து கொடுத்துவிட்டால் பரீட்சை முழுசாகப் பாஸ். எழுந்தார். பாதையில் நாலு எட்டு வைத்தார். எங்கேயோ காலடியில், ரொம்பப் பக்கத்தில், ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்டது.

தூக்கிய காலை அவர் கீழே வைக்கவில்லை. பெட்டி, மேசை என்றால் இடித்துக்கொண்டு சிரித்துச் சமாளித்திருப்பார். இது அது இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் கேட்டுப் பார்த்தார். குழந்தை சத்தமில்லாமல் எதையோ சப்பிக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் அவர் ஆட ஆரம்பித்தார்.

"பாப்பா," என்று கூப்பிட்டார். "பையன் எங்க இருக்கான் பாரு. எனக்குத் தெரியல."

கைகழுவிவிட்டு வந்த மகள் நின்றுவிட்டாள். குழந்தை அவர் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால், பாதையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. ஓடி வந்து தூக்கிக்கொண்டாள். டிரைவர் காலைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளாப்பா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அம்மா, உனக்கும் தெரியுமா?"

"அவர் பச்சைன்னு சொன்ன ஸ்வெட்டர் செவப்பும்மா," என்றாள் மடிப்பக்கா. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அங்கேயே, இன்னும் ஈரம் காயாத சுவரோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"செவப்பா அது?" என்றார் டிரைவர்.

மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். வீட்டைப் பூட்டுகிற விஷயம்தான். அப்பாவைப் பார்த்தாள். அவர் காலால் கார்பெட்டைத் தடவி, வழவழப்பைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படுக்கையறைப் பக்கம் போனார். மகள் அந்தக் கோட்டையும் அதன்மேல் போகிற வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் மரவண்டியோடு திரும்பி வருகிற வரைக்கும் பார்த்தாள். தெருக்கதவுக்குப் போகிற பாதையில் அவள் பெட்டி இருந்தது. போய், அதைத் தூக்கிச் சுவரோடு ஒட்டி வைத்தாள். செருப்பையும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

"காலைல பேசிக்கலாம்," என்றாள். "அம்மா, எழுந்திரு, டீ நான் போடறேன்."

ஈரம் புடவையில் ஏறுவது தெரியாமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு, லீவு நாளில் மடிப்பக்கா தூங்கிப்போயிருந்தாள்.