அம்மாவுக்குக் கேமரா கூச்சம் இல்லை

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மலருக்கு எழுதிக் கொடுத்த பலரும் ஒரே வரியை எழுதியிருக்கிறீர்கள்: "கேமராவைக் கண்டாலே ஒதுங்கிவிடும் கூச்ச சுபாவம்." அது பொய். மகளாகிய நான் அதை இங்கேயே மறுக்கிறேன்.

அம்மா குன்றத்தூரில் பிறந்து, மணமாகித் தாம்பரம் வந்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நட்டு, போல்ட்டு சரிபார்க்கும் வேலைக்குப் போய்த்தான் அம்மா அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியின் குடும்பக் கதை முழுக்கக் கேட்டுவிடுவார். அவருக்கா கூச்சம்?

மலரின் அட்டைக்கு நல்ல படம் தேடினோம். ஆதார் அட்டையை விட்டால் ஒன்றும் இல்லை. அண்ணனின் திருமண ஆல்பத்தில்கூட அம்மா இல்லை. "வீடியோல இருப்பாங்க" என்று அண்ணன் பரணிலிருந்து கேசட்டை எடுத்தார். நண்பரிடம் பழைய வி.சி.ஆர். இரவல் வாங்கி, கம்ப்யூட்டரோடு இணைத்தோம்.

"ஓட்டி விடுண்ணா, முகூர்த்தம் மட்டும் பாப்போம்."

"ஓட்டி ஓட்டிப் பாத்தா டேப் அறுந்துடும். அது எவ்ளோ நேரம் ஓடுதோ அவ்ளோ நேரம் ஓடித்தான் கம்ப்யூட்டர்ல ஏறும். பேசாம உக்காரு."

உட்கார்ந்தோம். அதனால்தான் அது காதில் விழுந்தது. திரையில் மணவறை. அம்மா தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது.

"எம் புள்ள கல்யாணம்ணா. ஓரமா நின்னு பாத்துக்கறேன்."

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, பதில் சொல்கிறார். "தாலி ஏர்ற நேரத்துல நீ எதிர்ல நிக்கலாமா? உள்ள போம்மா. வீடியோ சார், இவங்க படத்துல விழாம பாத்துக்கோங்க."

"சரிண்ணா."

என் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா ஒதுங்கவில்லை. நீங்கள் ஒதுக்கினீர்கள். கணவன் செத்தது அவர் செய்த குற்றமா? பெற்ற பிள்ளையின் கழுத்தில் மாலை விழுவதைப் பார்க்கக் கூடாதவர், பந்தியில் பரிமாற மட்டும் ஆகுமா? செய்ததையும் செய்துவிட்டு, அதற்குக் கூச்சம் என்று பெயர் வேறு! பெரிய மாமாவின் இரங்கல் செய்தியிலும் அதே வரிதான்.

கேசட்டின் கடைசியில் பந்தி. சாம்பார் வாளியோடு அம்மா வருகிறார். வீடியோ எடுத்தவர், மாமா சொன்ன பேச்சைக் கேட்காமல், கேமராவை அவர் பக்கம் திருப்பிவிட்டார். அம்மா வாளியைக் கீழே வைக்கிறார். முந்தானையை இழுத்துவிட்டு, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். "நல்லா விழுதா தம்பி?" என்று வேறு கேட்கிறார்.

அட்டையில் கோடு விழுந்து மங்கலாக இருப்பது அந்தப் படம்தான். மாற்றச் சொன்னவர்களுக்கு எங்கள் பதில், முடியாது.

கடைசி நாட்களில் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி ஊட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், வி.சி.ஆர். கொடுத்த நண்பருக்கும், டேப்பில் படிந்த பூஞ்சையைத் துடைத்துக் கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி. பெயர் தெரியாத அந்த வீடியோக்காரருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று சாப்பாட்டுக்கு முன் அந்த வீடியோவை, குரலோடு, வெட்டாமல் போடுகிறோம். பெரிய மாமா, உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறது. வந்து உட்காருங்கள். உங்களை யாரும் உள்ளே போகச் சொல்ல மாட்டார்கள்.