களத்தில் காய்ந்த கிட்டார்

என் மாமாவிடம் ஒரு கிட்டார் இருந்தது. அது நல்ல கிட்டார் என்று மாமாவைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. வாங்கிய அன்று பஸ்ஸில் கிடைத்த ஒரே சீட்டில் அதை உட்கார வைத்துவிட்டு, மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் மாமா நின்றுகொண்டே வந்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

மாமா அம்மாவின் தம்பி. கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அப்பா கணக்கு எழுதும் ரைட்டர், மாமா ஜீப் டிரைவர். கல்யாணம் ஆகாதவர் என்பதால் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவருக்கு மூன்று பாட்டுதான் வாசிக்கத் தெரியும். மூன்றும் எங்கள் கோழிகளுக்கே மனப்பாடம். ஆனாலும் சாயங்காலம் ஜீப்பைக் கழுவி நிறுத்திவிட்டு வந்து, ஆணியில் தொங்கும் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாரானால் நான் பாடப் புத்தகத்தை மூடிவிடுவேன். யாராவது அதை விலைக்குக் கேட்டால், "அதத் தவிர வேற எது வேணாலுங் கேளுங்க" என்பார். அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அந்த ஆண்டு ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிகிறவரை விடவில்லை. மலையில் மழை பிடித்தால் வீட்டுக்குள் எல்லாம் பூசணம் பூத்துவிடும். வெயில் தலைகாட்டியதும் எஸ்டேட் குடும்பங்கள் எல்லாம் பூத்ததை வாரிக்கொண்டு காபிக் களத்துக்கு ஓடும். பழம் காயும் சிமெண்டுத் தரையின் ஓரத்தில் பரப்பிவிட்டால் சாயங்காலத்துக்குள் எல்லாம் மொறுமொறுவென்று ஆகிவிடும்.

அப்படி ஒரு நாள் அப்பாவின் பெல்ட்டையும் என் பள்ளிக்கூட ஷூவையும் அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினார். போகிற போக்கில் ஆணியில் தொங்கிய கிட்டாரைப் பார்த்தேன். முதுகெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. மாமா அப்பாவை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் காய வைத்து, துடைத்து, மாட்டி, அவரை அசத்திவிடலாம் என்று அதையும் தூக்கிக்கொண்டு போனேன்.

களத்துப் பெண்கள் காபிப் பழத்தை மணிக்கொரு தரம் கிளறிவிடுவார்கள். அவர்கள் கிளறும்போதெல்லாம் நான் கிட்டாரைத் திருப்பிப் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் சரக்கு கெட்டுவிடும் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். உச்சி வெயிலில் 'டப்' என்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை பெயர்ந்து நின்றது. வயிற்றுப் பலகை அப்பளம் போலப் புடைத்துவிட்டது. சாக்கைப் போட்டு மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பெயர்ந்த கட்டையை விரலால் தடவினார். அவர் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"பூசணம் பூத்திருந்துச்சுங்க மாமா" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"காயப் போட்டியா?"

"திருப்பித் திருப்பிப் போட்டேனுங்க."

அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினாரா அழுகையை அடக்கினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. "நொம்ப ஈரம் புடிச்சுக் கெடந்துச்சு சாமி. நல்ல வேலதான் பண்ணியிருக்கற" என்றார்.

அன்று சாயங்காலமே ஜீப்பின் டூல்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து, கிட்டாரின் வயிற்றில் இரண்டு ஓட்டை போட்டு, போல்ட்டும் நட்டுமாக அந்தக் கட்டையை முடுக்கினார். பிறகு ஒரு பாட்டு வாசித்தார். ஒவ்வொரு கம்பியோடும் ஒரு வண்டு சேர்ந்து பாடியது.

"இப்பத்தான் கண்ணு இதுக்குத் தொண்ட தொறந்துருக்குது" என்றார் மாமா. நான் நம்பினேன். மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த மாதம் முதலாளியின் மகன் லீவுக்குப் பங்களாவுக்கு வந்தார். எங்கள் வீட்டில் போல்ட் போட்ட கிட்டாரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர், போய்த் தன்னுடைய கிட்டாரையே கொண்டுவந்து நீட்டினார். "எனக்குப் புதுசு வருது. இதை நீங்க வெச்சுக்கங்க. அந்தப் போல்ட் கிட்டாரைக் குடுங்க, ஹால்ல மாட்டி வைக்கிறேன்." உடைந்ததைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பது பங்களாக்காரர்களின் வழக்கம்.

மாமா அவருடைய கிட்டாரை வாங்கி ஒரே ஒரு முறை மீட்டினார். அடுப்படியில் இருந்த அம்மாவே எட்டிப் பார்த்தார். மாமா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"வேண்டாமுங்க சின்னய்யா" என்று திருப்பிக் கொடுத்தார். "இது எங்கக்கா புள்ள காய வெச்சுக் குடுத்ததுங்க. இந்தச் சத்தம் அதுல வராதுங்க."

அம்மா ஒரு வாரம் அவரைக் கிறுக்கன் என்று திட்டினார். நான் தலை நிமிர்ந்து நடந்தேன். முதலாளி மகன் கிட்டாரைவிட நான் காய வைத்தது ஒசத்தியாயிற்றே!

மாமா இப்போது மாரமங்கலத்தில் இருக்கிறார். கிட்டார் இன்னும் ஆணியில்தான். போன லீவுக்கு அங்கே போயிருந்தபோது, கிட்டார் வகுப்புக்குப் போகும் என் மகன் அதை எடுத்து மீட்டிவிட்டு முகம் சுளித்தான்.

"என்ன தாத்தா, எந்தக் கம்பியத் தொட்டாலும் கொரகொரங்குது? இதைப் போயி யாராவது வெச்சிருப்பாங்களா?"

மாமா அவசரமாக வாயில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசு சாமி. உங்கம்மா காதுல உழுந்துரப் போவுது."

காபி டம்ளர்களோடு நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். இத்தனை வருடமும் அந்தக் கிட்டாரைத் தேற்றியவள் நான் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவள் போல உள்ளே போய், ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னேன்.