பேச்சிச்செல்வி மிதித்த பாதை

‘பாவம், பேச்சு வராத பிள்ளை’ என்று பேச்சிச்செல்வியைப் பற்றி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். முத்தையாபுரத்துச் சிறப்புப் பள்ளியில் என் மாணவி அவள். உப்பளத்தில் அம்மா பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதைப் பார்த்து வளர்ந்தவள். பள்ளித் தோட்டத்தில் கத்தரி நடக் கொத்திவைத்திருந்த பாத்தியையும் அப்படியே மிதித்து இறுக்கிவிட்டாள்.

“ஏளா, செடி எப்படி வேர் விடும்?” என்று மற்ற பிள்ளைகள் கத்தினார்கள்.

நான் பாத்திகளுக்கு நடுவே இருந்த மணல் வழியில் களிமண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளித்தேன். “இங்கன மிதி தாயி” என்றேன். தினமும் மிதித்தாள்.

அவளோடு படிக்கும் முஜாஹித்தின் சக்கர நாற்காலி மணலில் புதையும் என்பதால் அதுவரை அவன் தோட்டத்து வாசலோடு நின்றுவிடுவான். இன்று இறுகிப்போன அந்த வழியில் அவனே உருட்டிக்கொண்டு போய் முதல் கத்தரிக்காயைப் பறித்தான். எல்லோரும் அவனுக்குக் கைதட்டினார்கள்.

பேச்சிச்செல்வி முன்னால் வந்து, தன் காலைத் தூக்கிக் காட்டினாள்.