வசந்தி அன்ரி ஊற்றாத தேத்தண்ணி

முதலில் நான் கவனித்தது அம்மா அடுப்பை அணைத்ததைத்தான். வசந்தி அன்ரியின் இதயம் நின்றுவிட்டது என்று தொலைபேசியில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா அழுதபடியே பொங்க வந்த பாலை இறக்கிவைத்தார். முன்பெல்லாம் எந்தச் செய்தியும் வராமலே பால் பொங்கி வழியும். அம்மா சுவரைப் பார்த்தபடி இருப்பார்.

அன்ரியைத் தெரிந்தவர்களே, கூட்டத்தில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன், அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான்.

அம்மாவைத் தனியே விடப் பயந்துதான் நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். அம்மாவின் மனச்சோர்வுக்கு எந்த மாத்திரையும் உதவாதபோது, மருத்துவமனையில் நடக்கும் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். சிலவகைக் காளான்களில் இருக்கும் சைலோசைபின் என்ற பொருளைக் கொடுப்பார்கள்; அது மனதைப் பல மணி நேரம் கலக்கும்; அவ்வளவு நேரமும் இரண்டு பேர் கூடவே இருப்பார்கள். ஒருவர் ஜெர்மன் மருத்துவர். மற்றவர் மனநலத் தாதியான வசந்தி அன்ரி. மொழிபெயர்க்கப் போன என்னை அவர் நிறுத்தினார்.

"தமிழ் கதைக்க நான் இருக்கிறன், பிள்ளை. நீர் மகளா மட்டும் இரும்."

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

முதல் தெர்மின்கள், அதாவது மருத்துவமனைச் சந்திப்புகள், கேள்விகளிலேயே போயின: இதயம் எப்படி, வேறு என்ன மருந்து, குடும்பத்தில் யாருக்காவது மனம் பிறழ்ந்ததுண்டா. பிறகு ஒருநாள் அன்ரி கேத்திலோடு வந்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"ஐயோ, வேண்டாம் அக்கா."

அன்ரி தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தார். அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எங்கள் ஆட்கள் வற்புறுத்தாமல் விடுவார்களா?

"நான் சும்மாதான் வேண்டாம் எண்டனான், அக்கா."

"தெரியும். ஆனா இந்த அறையில உங்கட வேண்டாம் வேண்டாம்தான். ஓம் எண்டா ஓம்தான். மருந்து வேலை செய்யேக்க நான் உங்கட மனசை ஊகிக்கக் கூடாது. தொடலாமோ, எங்க தொடலாம் எண்டு இப்பவே சொல்லுங்கோ. மருந்து எடுக்கிற அண்டைக்கு நீங்கள் அதைக் குறைக்கலாம். கூட்ட ஏலாது."

அம்மா யோசித்து, "கை மட்டும்" என்றார். அடுத்தமுறை கேத்திலைக் கண்டதுமே, "ஓம், சீனியோட!" என்றார். அன்ரி சிரித்த சிரிப்பில் மருத்துவர் எட்டிப் பார்த்தார்.

மருந்து எடுத்த நாளின் மாலையில் அம்மா வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. ஆனால் என்னைப் பார்த்தார், நேராக!

"கட்டிப்பிடியுங்கோ எண்டு கெஞ்சினனான். மனுசி கையை மட்டும்தான் பிடிச்சா."

எனக்குக் கோபம் வந்தது. அம்மா தலையசைத்தார்.

"இல்லையடி. சொன்ன சொல்லு மாறேல்லை. அதுக்குப் பிறகுதான் எனக்குப் பயம் விட்டது."

"இது மந்திரம் இல்லை," என்றார் அன்ரி. "நாளைக்கு அழுகை வந்தாலும் கூப்பிடுங்கோ."

அழுகை வந்தது, கூப்பிட்டோம். ஆனால் அந்த வாரமே அம்மா ட்ராமில் ஏறித் தனியாகக் கடைக்குப் போய்வந்தார். யன்னலில் நின்று அவர் வருவதைப் பார்த்த நான் செருப்பில்லாமலே படியிறங்கி ஓடினேன்.

அன்ரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு கேள்வியைத்தான். இறுதிச் சடங்கில் எல்லோரும் அவருடைய மகளை மாறி மாறிக் கட்டிப்பிடித்தார்கள். அவள் விறைத்துப்போய் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். கையை நீட்டிக் கேட்டேன்.

"கையைப் பிடிக்கட்டே?"

"வேண்டாம்," என்றாள்.

நான் கையை இறக்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றேன்.