ஆடிப்பெருக்கில் இறங்கிய மதகு

பாத்திமா மேரிக்கு மீன்மேல் தனிப் பாசம் கிடையாது. இருபது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். தின்றதா, கழிந்ததா, புண் ஆறியதா என்று பார்ப்பதுதான் அவளுக்குத் தெரிந்த அக்கறை. குத்தாலத்துக்குப் பக்கத்தில் மீன் ஆராய்ச்சிக் கொட்டகைக்கு வந்த பிறகும் தொட்டிகளை அப்படித்தான் சுற்றிவந்தாள்.

அந்தப் பக்கத்து ஆற்றில் வாளை மீன் அற்றுப்போயிருந்தது. திரும்ப விட வேண்டும். எந்த மீனை விடுவது என்று பார்க்க, கோயில் குளத்து வாளைக்கும், ஆற்றின் மேற்பகுதியில் ஒரு மடுவில் மிஞ்சியிருந்த வாளைக்கும் துடுப்பில் துளி நறுக்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். மடு மீன் அசல் காவிரி வம்சம். குளத்து மீன் ஆந்திரப் பக்கத்து ஆற்று வம்சம். எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டும் கலந்தால் காவிரி வாளை என்று தனியாக ஒன்று மிஞ்சாது.

ஆடிப்பெருக்கன்று காலை, மடு மீன்களைத் தொட்டியில் வைத்துக்கொண்டு மேரி வாய்க்கால் கரையில் நின்றாள். அப்போது வைரக்கண்ணு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். புது ஆள் லீவில் போனதால் மதகுச் சாவி இன்று அவர் இடுப்பில்.

“எங்க குளத்து மீனும்மா. வேண்டிக்கிட்டு நான் விட்ட வம்சம். இதுவும் ஆத்துக்குப் போவட்டும்.”

“வேணாம்ண்ணே. சோதனையில வந்திருச்சு, அது வேற ஆத்து மீனு.”

“மீனுக்குக்கூட சாதி சர்டிபிகேட் கேக்குறியே!”

பெருக்குக்கு வந்திருந்த கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அவர் அண்டாவை வாய்க்காலில் சாய்த்துவிட்டார்.

ஒரே மீன்தான். ஆனால் வயிறு புடைத்த பெட்டை. சினை முற்றிவிட்டது என்று மேரிக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கொஞ்ச தூரத்தில் மதகு. அதைத் தாண்டினால் ஆறு; அந்தத் தண்ணீரை நம்பித்தான் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்கள்.

“மதகை இறக்குங்கண்ணே!”

“இன்னிக்கா? கடைமடைக்காரன் என்னை உயிரோட விடுவானா?”

“குளத்துல விட்டீங்களே, அந்தக் குஞ்சு எங்க வாங்கினது?”

“பையனுக்கு மஞ்சக்காமாலை சரியானப்ப... லாரியில வந்துச்சு.” அவர் குரல் இறங்கியது. “ராஜமுந்திரி லாரி.”

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. சாவியை உருவிக்கொண்டு ஓடினார். பலகை கிறீச்சிட்டு இறங்கியது.

அந்தப் பக்கமிருந்து வயல்காரன் அண்ணாதுரை கத்தினான். “யோவ் லஸ்கரு! பெருக்கன்னிக்குத் தண்ணிய அடைக்கிறியே, புத்தி இருக்கா?”

“அடைச்சவனுக்குத் தொறக்கத் தெரியும்டா. வாய மூடு!”

மேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கைவலையோடு வாய்க்காலில் இறங்கினாள். முதல் வலையில் பாசிதான் வந்தது. இரண்டாவது வலையில் ஒரு செருப்பு. பலகை இறங்குவதற்கு முன்பே போயிருந்தால்? தண்ணீர் மார்புக்கு ஏறியது. கரையோர நாணலுக்கடியில் ஏதோ புரண்டது. வலையைக் கவிழ்த்துக் கையை விட்டாள். பல் பதிந்தது. மேரி பிடியை விடவில்லை.

வயிறு புடைத்த அந்தப் பெட்டையை அண்டாவில் போட்டுவிட்டு, ரத்தம் வந்த விரலைத் துண்டால் சுற்றினாள்.

“குளத்துக்கே கொண்டுபோங்க. வேண்டுதல் அங்கயே இருக்கட்டும்.”

வைரக்கண்ணு தலையாட்டினார். முதலில் பலகையைத் தூக்கினார். தண்ணீர் சீறிக்கொண்டு கிளம்பியது. மேரி தொட்டியைச் சாய்த்தாள். மடு மீன்கள் ஒவ்வொன்றாக மதகைத் தாண்டின.

“போவுதா?” என்றார்.

“போவுது. நீங்க கையக் கழுவுங்க, பலகைப் பாசி ஒரே வழவழப்பு.”