வெங்காயம் களவெடுக்கேல்லை

கோப்பாயில் பத்மாசினியின் தோட்டம் ஒரு பங்குக் கிணற்றை நம்பியிருக்கிறது. ஆறு குடும்பங்களுக்கு அந்த ஒரு கிணறுதான். எந்த நாள் யாருடைய தண்ணீர் முறை என்று ஒருவரும் எழுதி வைத்ததில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தெட்டு வயதிலும் தன் முறையன்று மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிடுகிறவள் அவள். அந்தச் செம்மண் வெங்காயம்தான் மகள் துஷாந்தினியைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்கியது.

புருஷன் பிரகலாதன் போய் இரண்டு வருடம். நல்ல உழைப்பாளி, நல்ல குடிகாரனுந்தான். ஈரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. துஷாந்தினி போகும் சபையின் கனிசியஸ் பாஸ்டர்தான் நாள் தவறாமல் சூப் கொண்டு வந்தார். பிரகலாதன் சூப்பைக் குடித்துவிட்டு, "பாஸ்டர், உங்கடை பரலோகத்திலை கள்ளுத் தவறணை இருக்கோ? இல்லையெண்டால் நான் வரேல்லை" என்பான். பாஸ்டரும் சிரிப்பார். ஆனால் ஜெபத்துக்குக் கடைசிவரை அவன் கண் மூடவில்லை. நெற்றியில் திருநீற்றோடுதான் போனான்.

அந்தச் சூப்புக்காக பத்மாசினி ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குப் போகத் தொடங்கினாள். பாட்டும் பிடித்துப் போயிற்று. ஒரு வருடம் கழித்து மகள் ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னாள்.

"அப்பாவை விட்டிட்டம். உங்களையும் விடேலாதம்மா."

பிள்ளை அழுத அழுகைக்குத்தான் அவள் ஓம் என்றாள்.

ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் நடந்த ஆயத்த வகுப்பில், தன் மனுசன் இப்போது எங்கே என்று அவள் பாஸ்டரிடம் நேராகவே கேட்டாள். அவர் பொய் சொல்லவில்லை. விசுவாசியாதவர்களுக்கு நெருப்பு என்று தலை குனிந்தபடி சொன்னார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டாள். முடிவில்லை என்றார். அளவில்லாத பெரியவருக்கு விரோதமாகச் செய்த பாவம், ஆகையால் தண்டனைக்கும் அளவில்லை என்று விளக்கினார். அவள் எழும்பி வந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் கிணற்றுப் பங்காளி தேவராசாவின் நினைப்புத்தான். இருபது வருடத்துக்கு முன்னர், வெயில் கொளுத்திய ஒரு சித்திரையில், தேவராசாவின் முறையன்று பிரகலாதன் கள்ளமாக மோட்டரைப் போட்டுத் தன் பாத்திகளுக்கு இறைத்துவிட்டான். தேவராசாவின் வெங்காயம் பாதி கருகிப் போனது. பங்காளர் கூடி, பிரகலாதனுக்கு இனி ஒருநாளும் தண்ணீர் இல்லை என்று தீர்த்தார்கள். மூன்றாம் நாள் பத்மாசினியின் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. மோட்டரைப் போட்டவன் தேவராசா. மற்றவர்கள் சண்டைக்கு வர, "தண்ணி களவெடுத்தது உவன். உவன்ரை வெங்காயம் களவெடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அவன் தன்பாட்டில் போனான். அதன்பிறகு பிரகலாதன் பிறத்தியார் முறையைத் தொட்டதில்லை.

அடுத்தநாள் காலை காங்கேசன்துறைக் கடலில் வெள்ளை அங்கியோடு ஐந்து பேர் நின்றார்கள். பத்மாசினி மூன்றாவது. இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் அவளுடைய தோளில் கை வைத்து, விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டார்.

"பாஸ்டர், நீங்கள் நல்ல மனுசன். உங்கடை சூப்பை நான் மறக்கேல்லை. ஆனால் ஓம் எண்டு சொன்னால், அவர் எரியிறது நியாயமெண்டு நானும் கையெழுத்து வைச்ச மாதிரி. அவர் குடிச்சவர், ஓம். இந்தப் பிள்ளையைத் தோளிலை காவித் திரிஞ்சதும் அந்த மனுசன்தான். அந்தத் தோளும் எரிய வேணுமோ?"

பாஸ்டர் மெதுவாக, தேவநீதி நமக்கு விளங்காது அம்மா என்றார்.

"பெரியவருக்குச் செய்த பிழை, அதாலை தண்டனையும் பெரிசு எண்டியள். தேவராசா அரைப்பரப்புத் தோட்டக்காரன். வெங்காயம் கருகினதும் அவன்ரைதான். அவனுக்கு மூண்டு நாளே போதுமாய் இருந்தது. உங்கடை பெரியவருக்கு எத்தினை நாள் வேணும்?"

கரையில் துஷாந்தினி துவாயைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்மாசினி தலை நனையாமல் கரையேறினாள். மகள் துடைக்கக் கூட வரவில்லை. பத்மாசினியே துவாயை வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது உரும்பிராய்க்குக் கிட்டத்தான் மகள் வாய் திறந்தாள்.

"அப்ப உங்களுக்கு அங்கை போகப் பயமில்லையோ?"

"அவர் அங்கையெண்டால் நானும் அங்கைதான். என்ரை முறையிலை அவருக்கும் கொஞ்சம் பாய்ச்சலாம்."

"பிழை செய்தவைக்குத் தண்டனையே வேண்டாமோ அம்மா?"

"வேணும். ஒரு முறை தண்ணியை மறிக்கட்டும், பத்து முறை மறிக்கட்டும். பிறகு மோட்டரைப் போடவேணும். போடத் தெரியாதவரிட்டைக் கிணத்தைக் குடுக்கேலாது, பிள்ளை."

துஷாந்தினி ஸ்கூட்டரை வீட்டுக்கு விடாமல் தோட்டத்துப் பக்கம் திருப்பினாள். அன்று பத்மாசினியின் முறை.