புதுசுதான், ஆனா விக்கலாமா?

போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் நடந்தது இது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. விபத்தில் என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனபிறகு, அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதென்றால் ஆள் வைத்துத் தூக்க வேண்டும். ஒரு தடவை படியில் கை நழுவி அவன் தலை சுவரில் மோதியது. அதற்கப்புறம் எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

என் கணவர் கைலாசபுரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். லீவு நாளெல்லாம் உட்கார்ந்து தம்பிக்காக ஒரு நாற்காலி செய்தார். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும், படிப்படியாக இறங்கும். கையை விட்டுவிட்டால் அடியில் இருக்கிற தடுப்பு படியைக் கவ்விக்கொள்ளும். அதில் உட்கார்ந்து தெருவுக்கு வந்த அன்று தம்பி, தெருமுனை வரைக்கும் போய் வரலாம் என்றான்.

பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். காப்புரிமை, அதாவது பேட்டன்ட், வாங்கவில்லையென்றால் யாராவது சுட்டுவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்த, தென்னூரில் காப்புரிமை ஏஜென்டாக இருக்கும் ஒரு பெண்மணியிடம் போனோம். அவர் நாற்காலியின் படம் முழுக்கக் கேட்டார். ரகசியம் காப்பேன் என்று, நாங்கள் கேட்காமலே எழுதியும் கொடுத்தார். அதுவே என் கணவருக்கு உறுத்தியது. "கேக்காமலே ஏன் எழுதித் தர்றாங்க?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புதான்.

தேடிப் பார்த்துவிட்டு, இதே மாதிரி நாற்காலி வேறு எங்கும் பதிவாகவில்லை, புதுசுதான் என்றார் அவர். அந்தச் சமயத்தில் கே.கே. நகரில் மருத்துவ உபகரணக் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். எத்தனை செய்தாலும் நானே விற்றுத் தருகிறேன் என்று ஒப்பந்தத்தை நீட்டினார். "அதான் புதுசுன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்னங்க யோசனை?" என்றார்.

ஏஜென்டிடம் சொன்னால், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தடுத்தார்.

"புதுசான்னுதாங்க பார்த்தேன். விக்கலாமான்னு பார்க்கலை. அது வேற தேடல்."

என் கணவர் எழுந்தே விட்டார். இன்னொரு ஃபீஸுக்கு அடிபோடுகிறார் என்பது அவர் முடிவு. நான் உட்கார்ந்திருந்தேன். நம்பிக்கையால் இல்லை, கடைக்காரர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்ததால்தான். காப்புரிமைச் சிக்கல் எது வந்தாலும் செய்து தருபவரே பொறுப்பு என்று அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஒன்றும் தெரியாமல் வருகிறவருக்கு அந்த வரி எதற்கு?

ஏஜென்ட் பொறுமையாக விளக்கினார். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் பார்ப்பது, நம்முடையது புதுசா என்று. விற்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, இந்தியாவில் இன்னும் அமலில் இருக்கிற யாருடைய உரிமையையாவது மிதிக்கிறோமா என்று. நாற்காலி மொத்தமாகப் புதுசாக இருந்தாலும், உள்ளே இருக்கிற ஒரு உறுப்பு இன்னொருவருடையதாக இருக்கலாம். நாங்கள் சரியென்றோம், அரைமனதாக.

பயந்தது நடந்தது. படியைக் கவ்வும் அந்தத் தடுப்பு, வேறு மாதிரி நாற்காலி செய்யும் வெளியூர்க் கம்பெனி ஒன்றின் காப்புரிமைக்குள் வந்தது. ஒழுங்காகப் புதுப்பித்தும் வைத்திருந்தார்கள்.

அந்தக் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். யாரென்று சொல்லாமல், உங்கள் நாற்காலி திருச்சியில் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டேன்.

"முன்னாடி கே.கே. நகர்ல ஒருத்தர் வித்தாருங்க. இப்ப அவருக்கு நாங்க குடுக்கறதில்லை" என்றது அந்தப் பக்கக் குரல். கடைப் பெயரையும் சொன்னது. அதே கடை.

தடுப்பு யாருடையது என்று தெரிந்தேதான் அந்த வரியை எழுதியிருக்கிறார். கடைக்காரரைக் கூப்பிட்டு, இந்தத் தடுப்பை முன்னாடி எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்றேன். "எல்லா நாற்காலியும் ஒரே மாதிரிதானேங்க" என்று போனை வைத்துவிட்டார். அப்புறம் அவர் வரவே இல்லை.

கம்பெனியோடு மோதலாமா என்று என் கணவர் கேட்டார். அதற்கும் ஒரு தேடல் இருக்கிறதாம்: அவர்கள் விண்ணப்பிப்பதற்கு முன்பே அந்த யோசனை எங்காவது வெளியாகி, அவர்கள் காப்புரிமையே செல்லாமல் போகுமா என்று துருவுவது. "வழக்குன்னு வந்தா அதைப் பார்க்கலாம் சார். தடுப்பையே மாத்த முடியுமான்னு முதல்ல பாருங்க" என்றார் ஏஜென்ட்.

என் கணவர் மாற்றினார். பலமுறை தோற்று, சக்கரத்தையே பூட்டுகிற வேறொரு வழி கண்டுபிடித்தார். புதுசா, விற்கலாமா என்று இரண்டையும் மறுபடி தேடிப் பார்த்தபிறகுதான் விண்ணப்பம் போட்டோம். இப்போது எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் அந்த நாற்காலி இருக்கிறது.

சந்தேகப்பட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் தடுத்து நிறுத்தியவர் மேலும் அவசரப்படுத்தியவர் மேலும் ஒரே அளவு சந்தேகம் வைத்திருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் திக்கென்கிறது.